கோட்டைத் தொகுதி என்பது எது? ஆர்பிங்டன் காட்டும் கணக்கு

ஒரே கட்சி தேர்தலுக்குத் தேர்தல் வென்றுவரும் தொகுதியை அந்தக் கட்சியின் கோட்டை என்று சொல்வது நம் வழக்கம். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட தொகுதியைப் பத்திரமான தொகுதி என்றும், எந்தப் பக்கமும் சாயக்கூடியதை விளிம்புத் தொகுதி என்றும் பிரித்துப் பேசுவார்கள். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே உள்ள வாக்கு வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலும் இந்த முடிவுக்கு வருகிறார்கள். வித்தியாசம் பத்தாயிரத்தைத் தாண்டினால் கோட்டை, சில நூறு என்றால் விளிம்பு. இந்தக் கணக்கு தவறில்லை. ஆனால் பாதிக் கணக்கு மட்டுமே. தோற்றவர்களின் வாக்குகள் தங்களுக்குள் எப்படிப் பிரிந்து கிடந்தன என்பது மீதிப் பாதி. இதை விளங்கிக்கொள்ள லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள ஆர்பிங்டன் தொகுதியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடலாம். பிரிட்டனின் மக்களவைக்கு இன்று 650 தொகுதிகள் உள்ளன. தொகுதிக்கு ஓர் உறுப்பினர்; ஒரு வாக்காளருக்கு ஒரு வாக்கு; அதிக வாக்கு பெற்றவர் வெற்றி பெறுவார். பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்திய மக்களவைக்கும் இதே முறைதான் என்பதால் தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் புதிதாகக் கற்க ஏதுமில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: நூறில் அறுபது பேர் வேண்டாம் என்று சொன்ன ஒருவர்கூட, அந்த அறுபது பேரும் இரண்டு மூன்று பேருக்குப் பிரித்து வாக்களித்தால், வசதியாக வென்றுவிடலாம்.

ஆர்பிங்டன் மத்திய லண்டனிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1965 வரை அது கென்ட் மாவட்டத்தின் ஊர். அதன் பிறகுதான் லண்டன் பெருநகரின் புரொம்லி வட்டாரத்தோடு சேர்க்கப்பட்டது. வயல்களும் பழத்தோட்டங்களும் நிறைந்திருந்த அந்தப் பகுதியை மாற்றியது ரயில். 1920களின் நடுவில் லண்டனிலிருந்து ஆர்பிங்டனுக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1928-இல் பக்கத்திலேயே பெட்ஸ் வுட் நிலையம் திறக்கப்பட்டது. காலையில் நகரத்து அலுவலகத்துக்குப் போய் மாலையில் தோட்டம் வைத்த வீட்டுக்குத் திரும்பும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறின. அப்போது இந்தப் பகுதி சிசில்ஹர்ஸ்ட் தொகுதியில் இருந்தது. இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் புறநகரங்கள் பெருகியதால் அதுபோன்ற தொகுதிகள் அளவுக்கு மீறிப் பருத்துவிட்டன. அவற்றை உடைத்துச் சிறிதாக்க 1944-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி சிசில்ஹர்ஸ்ட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, 1945 பொதுத்தேர்தலில் ஆர்பிங்டன் தனித் தொகுதியாக முதல்முறை வாக்களித்தது.

அந்தத் தேர்தலில் தொழிற்கட்சி நாடு முழுவதும் வாரிக்கொண்டு போனது. ஆர்பிங்டன் அசையவில்லை. 1924 முதல் சிசில்ஹர்ஸ்ட்டின் உறுப்பினராக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சியின் சர் வால்ட்ரன் ஸ்மிதர்ஸ் புதிய தொகுதியையும் வென்றார். 1954 டிசம்பரில் அவர் இறக்கும்வரை தொகுதி அவரிடமே இருந்தது. அடுத்த மாதமே நடந்த இடைத்தேர்தலில் அதே கட்சியின் டொனால்ட் சம்னர் வந்தார். 1955, 1959 பொதுத்தேர்தல்களிலும் அவரே வென்றார்.

இங்கே சற்று நின்று 1959-இன் முடிவைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த அனைத்துக்குமான விதை அதில் இருக்கிறது. கன்சர்வேட்டிவ் 24,303, தொழிற்கட்சி 9,543, லிபரல் 9,092. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் 14,760. யாரிடம் காட்டினாலும் இது அசைக்க முடியாத கோட்டை என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்படித்தான் சொல்லவும் செய்தார்கள். ஆனால் இரண்டாமிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் என்ன? வெறும் 451. கன்சர்வேட்டிவ் கட்சியை விரும்பாத ஒருவர், அதை வீழ்த்த யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று அந்தப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே. எதிராளி யார் என்று எதிர்ப்பவர்களுக்கே தெரியாத தொகுதியில் கோட்டைச் சுவர் உண்மையில் எவ்வளவு தடிமன் என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

1961-இல் சம்னர் கவுன்டி நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். 1957-இல் இயற்றப்பட்ட தகுதியிழப்புச் சட்டத்தின்படி நீதிபதி ஒருவர் மக்களவையில் அமர முடியாது; ஆகவே இடம் காலியானது. இடைத்தேர்தல் 1962 மார்ச் 14 அன்று நடந்தது. கன்சர்வேட்டிவ் கட்சி பீட்டர் கோல்ட்மனை நிறுத்தியது. கட்சியின் ஆய்வுப் பிரிவில் வளர்ந்து, கொள்கை ஆவணங்கள் எழுதி, தலைமையின் நம்பிக்கையைப் பெற்ற கூர்மையான மனிதர் அவர்; ஆனால் வெளியூர்க்காரர். லிபரல் கட்சி முதலில் தேர்ந்திருந்த வேட்பாளர் விலகிக்கொண்டதால், கடைசி நேரத்தில் எரிக் லபக் என்ற பொறியாளரை நிறுத்தியது. அவர் தொகுதிக்குள்ளேயே டவுன் என்ற கிராமத்தில் குடியிருந்தவர். உள்ளூர் மன்ற உறுப்பினர். வங்கி விடுமுறை நாட்களை 1871-இல் சட்டமாக்கிய ஜான் லபக் அவருடைய பாட்டனார். சார்லஸ் டார்வின் வாழ்ந்த வீடும் அதே டவுன் கிராமத்தில்தான் இருக்கிறது; ஜான் லபக் டார்வினின் அண்டை வீட்டுக்காரர், நண்பர். ஆகவே தொகுதியின் மண்ணில் லபக் என்ற பெயர் புதிதல்ல.

முடிவு இப்படி வந்தது. லபக் 22,846. கோல்ட்மன் 14,991. தொழிற்கட்சியின் ஆலன் ஜின்கின்சன் 5,350. மூன்றாண்டுகளுக்கு முன் 14,760 வாக்கு வித்தியாசத்தில் கன்சர்வேட்டிவ் வென்ற தொகுதியில், மூன்றாமிடத்தில் இருந்த கட்சி 7,855 வாக்கு வித்தியாசத்தில் வென்றது.

இதைத் தேர்தல் ஆய்வாளர்கள் வாக்குச் சாய்வு என்ற அளவால் குறிப்பார்கள். கணக்கு எளியது. ஒரு கட்சி இழந்த சதவீதத்தையும் மற்றொன்று கூடுதலாகப் பெற்ற சதவீதத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். கன்சர்வேட்டிவ் 56.6 சதவீதத்திலிருந்து 34.7-க்கு இறங்கியது, இழப்பு 21.9. லிபரல் 21.2-இலிருந்து 52.9-க்கு ஏறியது; கூடுதல் 31.7. இரண்டையும் கூட்டினால் 53.6, பாதி 26.8. அதாவது நூறு பேரில் ஏறக்குறைய 27 பேர் ஒரு பக்கத்திலிருந்து எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்ததற்குச் சமமான மாற்றம். பொதுத்தேர்தல்களில் நான்கைந்து சதவீதச் சாய்வே ஆட்சியை மாற்றப் போதுமானது என்பதோடு ஒப்பிட்டால் இதன் அளவு புரியும்.

ஆனால் சாய்வு என்ற ஒற்றை எண் ஒரு முக்கியமான விஷயத்தை மறைத்துவிடுகிறது. லிபரல் கட்சிக்குக் கூடிய வாக்குகள் எல்லாம் கன்சர்வேட்டிவ் கட்சியிடமிருந்து வந்தவையல்ல. தொழிற்கட்சியின் எண்ணைப் பாருங்கள்: 9,543 இருந்த இடத்தில் 5,350. ஏறத்தாழ பாதி போய்விட்டது. அந்நாளில் பிரிட்டனில் வேட்பாளர் 150 பவுண்டு கட்ட வேண்டும். பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால்தான் அது திரும்பக் கிடைக்கும். ஆர்பிங்டனில் மூவரும் பெற்ற வாக்குகள் மொத்தம் 43,187. அதில் எட்டில் ஒரு பங்கு 5,398-க்குச் சற்று மேல். தொழிற்கட்சி 49 வாக்குகள் குறைவாகப் பெற்று டெபாசிட்டை இழந்தது. எதிர்க்கட்சியாக நாட்டை ஆளக் காத்திருந்த ஒரு பெரிய கட்சியின் ஆதரவாளர்கள், தங்கள் சொந்தக் கட்சியை டெபாசிட் இழக்கவிட்டுப் பக்கத்துக் கட்சிக்கு வாக்களித்தார்கள். வெல்ல முடியாத தன் கட்சியை விட்டு, வெல்லக்கூடிய இன்னொரு கட்சிக்கு வாக்களித்து, பிடிக்காத கட்சியைத் தோற்கடிப்பதை இன்று உத்தி வாக்களிப்பு என்கிறோம். ஆர்பிங்டன் அதன் பாடநூல் உதாரணம்.

ஏன் 1962-இல் நடந்தது? வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் உண்மையானவையே. 1961 ஜூலையில் நிதியமைச்சர் செல்வின் லாயிட் சம்பள உயர்வுகளை நிறுத்திவைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள் போன்றோரை அது நேராகத் தாக்கியது. அதே மாதம் வங்கி வட்டி 7 சதவீதமாக உயர்ந்தது. கடன் வாங்கி வீடு கட்டி, மாதச் சம்பளத்தில் தவணை கட்டி, சீசன் டிக்கெட்டில் ரயிலேறிப் பிழைத்த ஆர்பிங்டன் குடும்பத்துக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. போதாததற்கு, சொந்த வீட்டில் குடியிருப்பவர் அந்த வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதையும் வருமானமாகக் கணக்கிட்டு வரி வாங்கும் ஒரு பழைய முறை அப்போது இருந்தது. தன் வீட்டில் தானே குடியிருப்பதற்கு வரி என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அந்த வரி 1963 வரவுசெலவுத் திட்டத்தில்தான் நீக்கப்பட்டது.

எனினும் இந்தக் கோபம் ஆர்பிங்டனுக்கு மட்டும் உரியதன்று. லண்டனைச் சுற்றியிருந்த எல்லாப் புறநகரங்களிலும் அது இருந்தது. கோபம் மட்டுமே கோட்டையை இடிக்குமானால் 1959-இல் இரண்டாமிடத்தில் இருந்த தொழிற்கட்சிக்கே அது பயன்பட்டிருக்க வேண்டும். இங்கே வேறு ஒன்று சேர்ந்தது என்பதே என் கருத்து. லிபரல் கட்சியினர் சில ஆண்டுகளாக உள்ளூர் மன்றத் தேர்தல்களில் வட்டம் வட்டமாக வென்றுகொண்டு வந்தார்கள். பாதை, விளக்கு, வடிகால் என்று தெரு அளவில் உழைத்தார்கள். மன்றத் தேர்தலின் ஒவ்வொரு வெற்றியும், இந்த ஊரில் கன்சர்வேட்டிவ் கட்சியை வீழ்த்தக்கூடியவர்கள் யார் என்ற கேள்விக்கு வாக்காளர் கண்முன் எழுதப்பட்ட விடை. 451 வாக்குகளின் மங்கலை அந்தச் சிறிய வெற்றிகள் துடைத்தன. வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள், மார்ச் 13 அன்று, வட இங்கிலாந்தின் கடற்கரை நகரான பிளாக்பூலின் வடக்குத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் லிபரல் கட்சி ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் வெற்றியைத் தவறவிட்டது. இன்னொரு கன்சர்வேட்டிவ் கோட்டை நூலிழையில் தப்பியது என்ற செய்தி வந்த மறுநாளே ஆர்பிங்டன் மக்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். வெல்ல முடியும் என்ற நம்பிக்கைதான் வெற்றிக்கு வேண்டிய வாக்குகளைச் சேர்க்கிறது. அந்த நம்பிக்கை சரியான நாளில் வந்து சேர்ந்தது.

லபக்கின் வெற்றியோடு மக்களவையில் லிபரல் உறுப்பினர்கள் எண்ணிக்கை ஆறிலிருந்து ஏழாக உயர்ந்தது. அவ்வளவுதான் எண்ணிக்கை மாற்றம். ஆனால் அதன் அதிர்வு பெரிது. இளம் வயது, நல்ல வேலை, சொந்த வீடு, இரண்டு பெரிய கட்சிகளின் மேலும் அலுப்பு என்று அமைந்த புறநகர் வாக்காளரைக் குறிக்க 'ஆர்பிங்டன் மனிதன்' என்ற சொல்லைப் பத்திரிகைகள் புழக்கத்துக்குக் கொண்டுவந்தன. இடைத்தேர்தல் தோல்விகள் தொடர, ஜூலை 12 அன்று லெஸ்டர் வடகிழக்குத் தொகுதியில் கன்சர்வேட்டிவ் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டது. மறுநாள் பிரதமர் ஹரால்ட் மக்மில்லன் நிதியமைச்சர் செல்வின் லாயிட் உட்பட ஏழு அமைச்சர்களைத் தம் அமைச்சரவையிலிருந்து ஒரே வீச்சில் நீக்கினார்.

இடைத்தேர்தலில் வென்ற தொகுதி அடுத்த பொதுத்தேர்தலில் பழைய கட்சிக்கே திரும்பிவிடுவது வாடிக்கை. லிபரல் கட்சி 1958-இல் டெவனில் உள்ள டாரிங்டனை இப்படித்தான் வென்று, அடுத்த ஆண்டே இழந்தது. ஆர்பிங்டன் திரும்பவில்லை. 1964-இல் லபக் 22,637 வாக்குகளுடன் தொகுதியைத் தக்கவைத்தார். எதிர்த்து நின்றவர் கின்னஸ் சாதனை நூலைத் தன் இரட்டைச் சகோதரரோடு உருவாக்கிய நாரிஸ் மக்வேர்ட்டர். 1966-இலும் அதே இருவர், அதே முடிவு. இது ஒரு நாள் கோபத்தால் வந்த வெற்றியல்ல என்பதற்கு இந்த இரண்டு தேர்தல்களே சான்று. லபக் நல்ல உறுப்பினராகவும் இருந்தார் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. தொகுதியின் கிரே பள்ளத்தாக்குப் பகுதியில் நாடோடி ஜிப்ஸிக் குடும்பங்கள் தலைமுறைகளாகத் தங்கிவந்தன. எங்கும் நிற்கவிடாமல் விரட்டப்பட்ட அவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டிய பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களுக்கு அளித்த 1968-இன் சட்டம் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் விளைவு. அதனால் வாக்கு கிடைக்காது என்று தெரிந்தும் செய்த வேலை அது.

1970-இல் நாடு கன்சர்வேட்டிவ் பக்கம் திரும்பியபோது லபக் தோற்றார். ஐவர் ஸ்டான்புரூக் தொகுதியைக் கட்சிக்கு மீட்டு 1992 வரை வைத்திருந்தார். (லபக் மறு ஆண்டே ஏவ்பரி பிரபு பட்டத்துக்கு வாரிசாகி மேலவைக்குப் போனார், 2016-இல் இறக்கும்வரை மனித உரிமைக்காகப் பேசிக்கொண்டிருந்தார்.) அந்த இருபத்திரண்டு ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோட்டை மறுபடியும் கோட்டையானது.

1992-இல் வந்த ஜான் ஹோரம் மட்டும் தனிக் கதை. 1970 முதல் கேட்ஸ்ஹெட் மேற்குத் தொகுதியின் தொழிற்கட்சி உறுப்பினர். 1981-இல் அதிலிருந்து பிரிந்த சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தவர். அதன்பின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு வந்து ஆர்பிங்டனில் வென்றவர். மூன்று கட்சிகளின் சார்பில் மக்களவையில் அமர்ந்த ஒருவரைப் புறநகர் வாக்காளர்கள் தயக்கமின்றி ஏற்றார்கள். வாக்கு மனிதருக்கா கட்சிக்கா என்ற கேள்விக்கு இது ஓரளவு விடை தருகிறது.

1997-இல் தொழிற்கட்சித் தலைவர் டோனி பிளேரின் அலையில் ஹோரம் தப்பினார். பழைய லிபரல் கட்சியின் வாரிசான லிபரல் டெமாக்ரட் கட்சியைவிட 2,952 வாக்குகள் கூடுதல். அந்தத் தேர்தலில் மூன்றாமிடத்தில் வந்த தொழிற்கட்சிக்குச் சுமார் 18 சதவீதம் விழுந்தது. அந்த வாக்குகளில் ஐந்தில் இரண்டு பங்கு லிபரல் டெமாக்ரட் பக்கம் போயிருந்தாலே ஹோரம் தோற்றிருப்பார். இந்தக் கணக்கை அடுத்த தேர்தலுக்குள் தொகுதியே போட்டுப் பார்த்துவிட்டது. பிரிட்டிஷ் புறநகர்களில் வீட்டுக் கதவுத் துளை வழியே வந்து விழும் லிபரல் டெமாக்ரட் துண்டறிக்கைகளில் ஒரு பட்டை வரைபடம் இருக்கும்: இரண்டு உயரமான பட்டைகள், ஓரத்தில் குட்டையாக மூன்றாவது, 'இங்கே இருவர் மட்டுமே போட்டியில்' என்று மேலே எழுதியிருக்கும். அதைவிட எளிமையாக உத்தி வாக்களிப்பை விளக்க முடியாது. 2001-இல் தொழிற்கட்சியின் பங்கு 11 சதவீதத்துக்குச் சரிந்தது. ஹோரம் 22,334, லிபரல் டெமாக்ரட் 22,065. வித்தியாசம் 269. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஹோரமின் சொந்த வாக்கு சதவீதம் அந்த நான்கு ஆண்டுகளில் 41-இலிருந்து 44-ஆகக் கூடியிருந்தது. அவர் வளர்ந்தார், ஆனாலும் விழும் நிலைக்கு வந்தார். வெல்பவரின் பலம் கூடும்போதே தொகுதி விளிம்புக்கு நகர முடியும் என்பது முதலில் கேட்பவருக்கு வியப்பாக இருக்கும். மூன்றாமிடத்தைப் பார்த்தால் வியப்புக்கு இடமில்லை.

2005-இல் அந்த அலை பின்வாங்கியது. ஹோரம் 4,947 வாக்குகளில் வென்றார். 2010-இல் அவர் விலகிக்கொள்ள, ஜோ ஜான்சன் 17,200 வாக்கு வித்தியாசத்தில் வந்தார். அந்தத் தேர்தலுக்குப் பின் லிபரல் டெமாக்ரட் கட்சி கன்சர்வேட்டிவ் கட்சியோடு கூட்டணி அரசில் சேர்ந்தது. ஆர்பிங்டன் போன்ற தொகுதிக்கு இதன் பொருள் கடுமையானது. கன்சர்வேட்டிவ் கட்சியை வீழ்த்துவதற்காகவே நாற்பது ஆண்டுகளாக அந்தக் கட்சிக்குக் கடன் கொடுத்துவந்த தொழிற்கட்சி ஆதரவாளர்கள் கடனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். 2015-இல் லிபரல் டெமாக்ரட் நான்காமிடத்துக்குப் போனது; இரண்டாமிடத்தில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறக் கோரிய யூகிப் கட்சி. ஜான்சனின் வித்தியாசம் 19,979. 2017-இல் இரண்டாமிடம் தொழிற்கட்சிக்கு. 2019-இல் ஜான்சன், தன் அண்ணன் போரிஸ் பிரதமராக இருந்த அரசிலிருந்து விலகித் தேர்தலிலும் நிற்கவில்லை. கன்சர்வேட்டிவ் சார்பில் நின்ற கேரத் பேக்கன் 22,378 வாக்கு வித்தியாசத்தில் வென்றார், இரண்டாமிடம் மறுபடியும் லிபரல் டெமாக்ரட். மூன்று தேர்தல்களில் மூன்று வெவ்வேறு கட்சிகள் இரண்டாமிடத்தில். 1959-இன் மங்கல் திரும்பி வந்துவிட்டது.

2024-க்கு முன் எல்லைகள் மறுவரையறை செய்யப்பட்டன. விமான நிலையம் இருக்கும் பிகின் ஹில் பகுதி பக்கத்துப் புதிய தொகுதிக்குப் போனது. ஆகவே முந்தைய எண்களோடு அந்தத் தேர்தலை வரிக்கு வரி ஒப்பிடக் கூடாது. நாடெங்கும் கன்சர்வேட்டிவ் கட்சி தன் வரலாற்றிலேயே மிக மோசமான தோல்வியைக் கண்ட அந்தத் தேர்தலில், பேக்கன் சுமார் 38 சதவீத வாக்குகளோடு ஆர்பிங்டனைக் காத்தார்; வித்தியாசம் ஐயாயிரத்துச் சொச்சம். 2001-இல் 44 சதவீதம் பெற்ற ஹோரம் 269 வாக்குகளில் உயிர்தப்பினார். 2024-இல் 38 சதவீதம் பெற்றவருக்கு ஐயாயிரத்துக்கு மேல் மிச்சம். இடையில் மாறியது இதுதான்: 2001-இல் எதிர் வாக்குகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் குவிந்தன, 2024-இல் தொழிற்கட்சிக்கு 27 சதவீதம், ரிஃபார்ம் கட்சிக்கு 19 சதவீதம், மிச்சம் லிபரல் டெமாக்ரட்டுக்கும் மற்றவர்களுக்கும் என்று சிதறிக் கிடந்தன.